சொன்னவன் வெளியே, சொல்லாதவன் உள்ளே

அத்தியாயம் 14

மாடி அறையின் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கமாக மாற்றிப் பொருத்தியது மூத்த மகன் அப்சல்தான். லாரிக்குப் பாடி கட்டுகிற கைக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

அன்றிலிருந்து தம்பி பாசில் உள்ளேயே கிடந்தான். சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், முக்கால்வாசி அப்படியே கீழே வரும். கேட்பவர்களிடமெல்லாம், "சின்னவனுக்கு மஞ்சக்காமாலை, ரெஸ்ட்ல இருக்கான்" என்று அப்பா ரியாசுதீன் சொல்லிவைத்திருந்தார்.

மகள் பிர்தௌஸுக்கு மட்டும் அந்தப் பொய் தொண்டையைவிட்டு இறங்கவில்லை. தம்பி அப்படி என்ன குற்றம் செய்துவிட்டான்? காலேஜில் கவுன்சிலிங் பார்க்கிற எழிலரசி மேடத்திடம் போய், "தூக்கமே வரல மேடம், செத்துடலாமான்னு தோணுது" என்று மனசைத் திறந்தான். அன்று சாயங்காலமே ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேட்டால், கொள்கையாம். சாவைப் பற்றிப் பேசுகிற எந்த மாணவனையும் அன்றைக்கே பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் வகுப்பில் சேர்க்கக் கூடாது. ஹாஸ்டலில் மறுபடியும் இடமே கிடையாது. போன வருஷம் ஒரு மாணவி இறந்துபோனதும் நிர்வாகம் அவசர அவசரமாகப் போட்ட விதி அது. 'மாணவர் பாதுகாப்பு' என்று அதற்குப் பெயர் வேறு.

அன்று வெள்ளிக்கிழமை. பௌர்ணமி கிரிவலமும் சேர்ந்துகொண்டதால் விடியும்போதே பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிற பிர்தௌஸ், நடந்தே போய்விடலாம் என்று துப்பட்டாவில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். வாசலில் அப்சலின் பைக் வந்து நின்றது.

பட்டறைக்குப் போனவன் அதற்குள் ஏன் திரும்பினான்?

"அத்தா எங்க?"

"டீ குடிக்கிறாரு. ஏண்ணா, என்ன ஆச்சு?"

அப்சல் நேராகக் கூடத்துக்குப் போய் அப்பாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

ஒரு வீடியோ. ஹாஸ்டல் வாசல். இரண்டு வாட்ச்மேன்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பாசிலை இழுத்துவருகிறார்கள். இரண்டு பக்கமும் பையன்கள். பாசிலின் ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. படம் பிடிப்பவனின் குரல் தெளிவாகக் கேட்டது: "மெண்டல் கேஸ்பா, வழி விடுங்க, கடிச்சிடப் போறான்." யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

"வார்டன் தருமனோட குரல் அது. நம்ம ஜமாத் குரூப்லயே போட்டுட்டாங்க அத்தா. பட்டறையில பசங்க எல்லாரும் பாத்துட்டானுங்க" என்றான் அப்சல்.

ரியாசுதீன் டீ கிளாஸை வைத்தார். எழுந்து ஆணியில் தொங்கிய பேண்ட்டிலிருந்து பெல்ட்டை உருவினார்.

"என்னங்க, வேணாங்க!" என்று அம்மா பீபி ஜான் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் அவர் பாதிப் படி ஏறியிருந்தார்.

பிர்தௌஸ் மேலே போய்ச் சேர்ந்தபோது முதல் அடி விழுந்துவிட்டது.

பாசில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பெல்ட் அவன் தோளில், முதுகில், தலையை மறைத்த கைகளில் மாறி மாறி விழுந்தது. பனியன் கிழிந்து தோலில் வரிவரியாகச் சிவந்தது.

"வீட்ல ஆளில்லையாடா உனக்கு? எவளோ ஒருத்திகிட்ட போயி ஒப்பாரி வெச்சியே! ஊரே பைத்தியம்னு சிரிக்குது! எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் ஜும்மாவுக்குப் போவேன்?"

பாசில் அழவில்லை. அதுதான் அவரை ஜாஸ்தியாக மூர்க்கப்படுத்தியது.

"வாயத் திறடா! அங்க திறந்த வாயை இங்க திறடா!"

பெல்ட்டைத் திருப்பிப் பிடித்தார். பித்தளைக் கொக்கி இப்போது அடிக்கிற பக்கம் வந்தது.

பிர்தௌஸ் யோசிக்கவில்லை. நடுவே பாய்ந்தாள். கொக்கி அவள் புருவத்தின் மேல் இறங்கியது. கண்ணுக்குள் சூடாக ஏதோ வழிந்தது.

அடுத்த நொடியில் பாசில் எழுந்தான். அத்தனை நாள் சாப்பிடாத உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அப்பாவின் மார்பில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினான். ரியாசுதீன் பின்னால் சாய்ந்தார். இரும்பு பீரோவின் முனையில் அவர் பின்மண்டை மோதிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"யா அல்லாஹ்!" பீபி ஜான் வாசற்படியிலேயே விழுந்தாள்.

பாசில் தன் கைகளைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, நெற்றியால் சுவரில் முட்ட ஆரம்பித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிர்தௌஸ் பின்னாலிருந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையோடு சாய்த்தாள்.

"போதும்டா. போதும். அக்கா இருக்கேன்."

கீழே அப்சலின் பைக் உறுமுவது கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டேங்கின் மேல் குறுக்காக ஒரு இரும்புக் கடப்பாரை. எங்கே போகிறான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணா! நில்லுண்ணா!"

பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பிர்தௌஸ் அப்பாவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காயம் நீளம்தான், ஆழமில்லை. ஒரு துண்டை மடித்து அம்மாவின் கையில் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். தன் புருவத்தைத் துப்பட்டாவின் முனையால் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு கரீம் மாமாவைக் கூப்பிட்டு அத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. தையல் போடணும். நான் அண்ணனைப் பிடிக்கப் போறேன்."

"இவன?" என்று பீபி ஜான் பாசிலைக் காட்டினாள்.

"இவன் என்கூட வரான். இந்த ரூம்ல இனிமே ஒரு நிமிஷமும் இவன் இருக்க மாட்டான்."

ரியாசுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் புருவத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

* * *

ஆட்டோ கிடைத்ததே பெரும்பாடு. கிடைத்த ஆட்டோவும் நகரவில்லை. கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. காலேஜ் இருக்கிற வேங்கிக்கால் பக்கம் திரும்பச் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது.

"அத்தாவைத் தள்ளிட்டேன்க்கா" என்றான் பாசில். நெற்றி வீங்கியிருந்தது.

"தெரியும்."

"செத்துடுவாரா?"

"சாக மாட்டாரு. தையல் போட்டா ஆறிடும். நீ என்னைப் பாரு. இப்ப உனக்கு எப்படி இருக்கு?"

இத்தனை நாளில் யாரும் அவனைக் கேட்காத கேள்வி அது.

"நான் அந்த மேடம்கிட்ட போயிருக்கவே கூடாது. அன்பு சொன்னான்னுதான் போனேன்."

"எந்த அன்பு?"

"அன்பரசன். என் ரூம்மேட். கீழ்பென்னாத்தூர்காரன். அவங்க வீட்ல காலேஜ் வரைக்கும் வந்த முதல் ஆளு. ரெண்டு பேப்பர் அரியர் ஆனதுலேர்ந்து அவனும் என்னை மாதிரியேதான்க்கா. ராத்திரி ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டே கிடப்போம். 'நீ மொதல்ல போயி அந்த மேடத்தைப் பாரு. நல்லபடியா பேசினாங்கன்னா அடுத்த நாளு நானும் போறேன்'னு சொன்னான்."

பிர்தௌஸ் அவன் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"உன்னை இழுத்துட்டு வந்தப்ப அவன் எங்க இருந்தான்?"

"படிக்கட்டுல. எல்லாத்தையும் பாத்துட்டு நின்னான்."

"அப்புறம் உன்கிட்ட பேசினானா?"

"எப்படிப் பேசுவான்? என் போனைத்தான் அத்தா பிடுங்கி வெச்சிட்டாரே."

அவள் தன் போனை நீட்டினாள். பாசில் நம்பரை மனப்பாடமாக அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்றாள் டிரைவரிடம்.

* * *

காலேஜ் கேட்டில் ஆளில்லை. கேட்டின் ஒரு கதவு பிடுங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. வாட்ச்மேன்கள் எல்லாரும் ஹாஸ்டல் முற்றத்தில் இருந்தார்கள்.

வார்டன் தருமன் வேப்பமரத்தடியில் மல்லாந்து கிடந்தான். அவனுடைய இடது முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. வாயில் ரத்தம். "அம்மா, அம்மா" என்று அரற்றிக்கொண்டிருந்தான்.

பத்தடி தள்ளி அப்சல். நான்கு வாட்ச்மேன்கள் அவனைச் சுற்றி நின்று தடியால் அடித்தார்கள். ஒருவன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். விழுந்த இடத்திலேயே சுருண்டு, கைகளால் தலையைக் காத்துக்கொண்டிருந்தான் அப்சல். சற்று முன்பு பாசில் இருந்த அதே கோலம்.

சுற்றிலும் மாணவர்கள். பாதிப் பேர் படம் பிடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு கல் பறந்துவந்து ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது.

"நிறுத்துங்க! செத்துடப் போறான், நிறுத்துங்க!" என்று கத்தியபடி ஒரு பெண் தடிகளுக்கு நடுவே புகுந்தாள். அவள்தான் எழிலரசி. ஒரு அடி அவள் தோளிலும் விழுந்த பிறகே வாட்ச்மேன்கள் பின்வாங்கினார்கள்.

பிர்தௌஸ் ஓடிப்போய் அண்ணனைத் தாங்கினாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. முன்பல் ஒன்றைக் காணோம்.

"அவன் கைய ஒடச்சிட்டேன்" என்றான் அப்சல், குழந்தை மாதிரி.

வராந்தாவிலிருந்து ரெஜிஸ்ட்ரார் இராமலிங்கம் இறங்கிவந்தார். வேட்டியின் கரைகூடக் கசங்காத மனிதர்.

"போலீஸுக்குச் சொல்லியாச்சு. வர்ற வரைக்கும் அவனைப் பிடிச்சி வையுங்க." பாசிலைக் கண்டதும் நின்றார். "இவனை யாரு உள்ள விட்டது? இதுக்குத்தாம்மா இந்த மாதிரிப் பசங்களை நாங்க வெச்சிக்கறது இல்ல. பாத்தீங்களா, குடும்ப ரத்தத்துலயே ஓடுது."

பிர்தௌஸ் எழுந்தாள். புருவக் காயம் மறுபடியும் கசிந்தது.

"எங்க அண்ணன் செஞ்சது தப்புதான் சார். அதுக்கு ஜெயிலுக்குப் போவான். என் தம்பி யாரை அடிச்சான்? கஷ்டமா இருக்குன்னு சொன்னான். அதுக்கு நீங்க அவனைத் திருடனைப் பிடிக்கிற மாதிரி இழுத்துட்டுப் போனீங்க. உங்க ஆளு வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பினான்."

"வீடியோ தருமன் பண்ணின தப்பு. விசாரிக்கிறோம். ஆனா இவனை வீட்டுக்கு அனுப்பினது கொள்கை. பையனோட பாதுகாப்புக்காக."

"பாதுகாப்பா?" அவள் பாசிலின் கிழிந்த பனியனை இழுத்து முதுகைக் காட்டினாள். "நீங்க பாதுகாப்பா அனுப்பி வெச்ச இடத்துல கிடைச்சது சார் இது. அங்க என்ன நடக்கும்னு ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா? இங்க சாகக் கூடாது, வேற எங்க செத்தாலும் பரவாயில்ல. அதானே உங்க கொள்கை?"

வரிவரியான முதுகைப் பார்த்து எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரகசியம் காக்கணும்னு மனநலச் சட்டத்துலயே இருக்கு சார். இந்த விதியைப் போட்ட கமிட்டியில நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள்.

"சட்டத்தைக் கோர்ட்ல பேசிக்கலாம், மேடம். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நீங்க."

எழிலரசி மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பையன் உரக்கச் சொன்னான்: "இனிமே எவனும் அந்த கவுன்சிலிங் ரூம் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான் மேடம். செத்தாலும் சொல்லாம சாவோம்."

பாசில் அந்தப் பையனின் பக்கம் திரும்பினான்.

"டேய், அன்பு எங்கடா?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலையில மெஸ்ஸுக்கு வரலடா. கதவ சாத்திக்கிட்டுத் தூங்கறான்னு…"

அவன் முடிப்பதற்குள் பாசில் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான்.

உள்ளே தாழிட்ட கதவு. பாசில் இரண்டு கைகளாலும் குத்தினான். "அன்பு! நான்தான்டா! வந்துட்டேன்டா, திறடா!" உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பையன்கள் தோளால் இடித்தார்கள். தேக்குக் கதவு அசையவில்லை.

"தள்ளுங்க!"

அப்சல் வந்துகொண்டிருந்தான். இரண்டு வாட்ச்மேன்கள் அவன் சட்டையைப் பிடித்தபடியே கூட வந்தார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். கையில் முற்றத்தில் கிடந்த அதே கடப்பாரை. அதன் முனையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி, உடம்பின் முழு எடையையும் சாய்த்தான். உடைந்த விலா அவனை அலறவைத்தது. அலறிக்கொண்டே இன்னொரு தரம் சாய்ந்தான். வாட்ச்மேன்களில் ஒருவன் அவன் சட்டையை விட்டுவிட்டுக் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

மரம் பிளந்தது. கதவு உள்ளே விழுந்தது.

அன்பரசன் தனக்கு என்ன செய்துகொண்டான் என்பதை இங்கே எழுத வேண்டாம். பிர்தௌஸ் மண்டியிட்டு அவன் கழுத்தில் விரலை வைத்தாள். எதுவும் தெரியவில்லை. விரலை இடம் மாற்றினாள்.

நூல் மாதிரி ஒரு துடிப்பு.

"இருக்கான்! உயிர் இருக்கு! வண்டி!"

எழிலரசிதான் தன் காரை எடுத்தாள். பின்சீட்டில் அன்பரசனின் தலை பாசிலின் மடியில். ரோட்டை நிறைத்த கிரிவலக் கூட்டத்துக்குள் ஹாரனை விடாமல் அழுத்தியபடி அவள் வண்டியை நுழைத்தாள். முதலில் திட்டியவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்ததும் கைகோத்துக்கொண்டு கூட்டத்தை இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள்.

* * *

சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பிர்தௌஸும் பாசிலும் எழிலரசியும் உட்கார்ந்திருந்தார்கள். அப்சல் கீழே, போலீஸ் காவலோடு விலா எலும்புக்குக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அன்பரசனின் அப்பா மூர்த்தியும் அம்மா பொன்னியும் வந்துசேர்ந்தார்கள். கடலைக்காட்டில் நின்ற சேறு காலில் காயவில்லை. போனில் எழிலரசி சொன்னதில் பாதிதான் அவர்களுக்குப் புரிந்திருந்தது.

"கூட இருந்த பையன் யாரு?" என்றார் மூர்த்தி.

பாசில் எழுந்து நின்றான். "நான்தாங்க."

பளீரென்று கன்னத்தில் அறை விழுந்தது. பாசில் சுவரில் மோதினான்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியாடா? எம் புள்ள சாகணும்னு பாத்துக்கிட்டு இருந்தியா?"

இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. பின்னாலிருந்து ஒரு கை அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

ரியாசுதீன். தலையில் பெரிய கட்டு. சட்டைக் காலரில் காய்ந்த ரத்தம்.

"வேணாங்க" என்றார். குரல் கரகரத்தது. "காலையில நான் இவனை பெல்ட்டால அடிச்சேன். கை ஓயற வரைக்கும் அடிச்சேன். இவன் மனசுல என்ன இருக்குன்னு ஒரு எழுத்துகூடத் தெரிஞ்சிக்கல. நீங்களும் அடிச்சிட்டு என்னை மாதிரி வந்து நிக்காதீங்க."

மூர்த்தியின் கை தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொன்னி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ரியாசுதீன் மகனின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். பாசில் சட்டென்று அக்காவின் பின்னால் ஒதுங்கினான். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போது கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப்பார்த்தாள்.

"பையன் கண்ணு முழிச்சிட்டான். இப்ப ஒருத்தர் மட்டும் வரலாம்." பொன்னி எழுந்ததைப் பார்த்து, தயங்கி, தொடர்ந்தாள். "கவுன்சிலிங் மேடம்கிட்ட பேசணும்னு சொல்றான்மா. இங்க யாரு அது?"

எழிலரசி எழுந்தாள். பிர்தௌஸ் அவளையே பார்த்தாள்.

"உள்ள போனா அவன் சொல்றதை எல்லாம் நான் உடனே ரெஜிஸ்ட்ராருக்கு ரிப்போர்ட் பண்ணணும்" என்றாள் எழிலரசி மெதுவாக. "விதி அதுதான். பண்ணலன்னா என் வேலை போயிடும். பண்ணினா இந்தப் பையனும் பாசில் மாதிரியே…"

"என்ன பண்ணப் போறீங்க?"

எழிலரசி பொன்னியிடம் போய் அவள் கையைப் பிடித்தாள். "உங்க பையன் என்கிட்ட பேசணும்னு கேக்கறான்மா. பேசட்டுமா?" பொன்னி தலையாட்டினாள். எழிலரசி உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இராமலிங்கம் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

"மேடம் உள்ளதானே இருக்காங்க? நான் கூட இருக்கணும். அவன் என்ன சொன்னாலும் எங்க காலேஜ் சம்பந்தப்பட்டது."

அவர் கதவை நெருங்குவதற்குள் ரியாசுதீன் போய் அதன் முன்னால் நின்றார்.

"இப்ப உள்ள போக முடியாதுங்க."

"நீங்க யாருங்க என்னைத் தடுக்கறதுக்கு? உங்க பையன் ஒருத்தன் ஏற்கெனவே கேஸ்ல கிடக்கறான். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. அந்தப் பையன் பேசி முடிக்கட்டும்."

இராமலிங்கம் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினார். தலைக்கட்டில் புதிதாகச் சிவப்பு ஊறியது. ரியாசுதீன் நகரவில்லை.

பிர்தௌஸின் பின்னாலிருந்து பாசில் வெளியே வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தொடவும் இல்லை. கதவின் இன்னொரு பாதியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

இராமலிங்கம் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் அப்புறப்படுத்துங்க சார்."